ஒன்பதாவது கேள்வியும் கைடின் கையெழுத்தும்

இந்த வாரம் எரிச்சலைக் கிளப்பியது ஒரு விளம்பரம். பிளஸ் ஒன், பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகளுக்கு எட்டே வாரத்தில் நரம்பியல் ஆராய்ச்சி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்து வழிகாட்டி ஒருவர் ஜூமில் வந்து சொல்லிக்கொடுப்பார். முடிவில் பிள்ளையின் பெயர் போட்ட கட்டுரை வெளியாகும். கல்லூரி விண்ணப்பத்தில் அது எடுப்பாகத் தெரியும். இதே ரகத்தில் இப்போது பல விளம்பரங்கள் சுற்றுகின்றன. கம்பெனிப் பெயர் மாறும், சரக்கு மாறாது. 2023ல் அமெரிக்காவின் புரோபப்ளிகா இந்த வியாபாரத்தைக் கிளறிப் பார்த்து, ஒரு பிள்ளைக்கு 2,500 டாலரிலிருந்து 10,000 டாலர் வரை கட்டணம் வாங்கப்படுவதாக எழுதியது. நீட் கோச்சிங், ஒலிம்பியாட் கோச்சிங் எல்லாம் பார்த்துவிட்ட வீடுகளுக்கு அடுத்ததாக ஏதாவது வேண்டும்தானே. காசு வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. வீணை சொல்லித்தருகிறவரும்தான் வாங்குகிறார். உறுத்துவது அந்த ‘எட்டு வாரம்’. எட்டு வாரத்தில் வீணையில் வர்ணம் வாசிக்க வைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுவோம். மூளை என்றால் மட்டும் நம்பிவிடுகிறோம்.

பிள்ளைகளின் புத்திசாலித்தனத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. இந்தத் துறையில் பெரியவர்களே எப்படி வழுக்கி விழுந்தார்கள் என்பதைப் பார்த்தால் போதும். நியூசிலாந்தின் டனிடன் நகரத்தில் பிறந்த 847 பேரை வைத்து 2003ல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது. செரட்டோனினைக் கடத்தும் மரபணுவின் குட்டை வடிவம் உள்ளவர்கள் வாழ்க்கையில் அடிபட்டால் மனச்சோர்வுக்கு ஆளாகும் வாய்ப்பு அதிகம் என்றது அது. கேட்பதற்கு எவ்வளவு அழகாக இருக்கிறது! அதன் மேல் கட்டுரைகள் அடுக்கடுக்காகக் குவிந்தன. எத்தனையோ முனைவர் பட்டங்கள் அந்த ஒரு மரபணுவின் நிழலில் விளைந்தன. 2019ல் லட்சக்கணக்கானவர்களின் தரவுகளைக் கொண்டு, அந்த மரபணு உட்பட இப்படிப் பேர்போன 18 மரபணுக்களைச் சோதித்தார்கள். ஒன்றுக்கும் தெளிவான ஆதாரம் தேறவில்லை. பதினாறு வருடம்! இதற்கு நடுவே, 2013ல், நரம்பியல் ஆய்வுகளில் நடுவாந்தரமான ஒன்றின் புள்ளியியல் வலு ஏறத்தாழ 21 சதவீதம்தான் என்று ஒரு கணக்கு வந்தது. அதாவது, உண்மையாகவே ஒரு விளைவு இருந்தாலும் ஐந்தில் நான்கு முறை அது கண்ணில் படாமல் போகும். 2022ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு இன்னும் கறாராகச் சொன்னது: மூளையின் ஸ்கேன் படத்தையும் ஒருவரின் குணத்தையும் முடிச்சுப் போட ஆயிரக்கணக்கான ஆட்கள் வேண்டும், நடைமுறையில் ஆய்வுகள் சராசரியாக இருபத்தைந்து பேரோடு நின்றுவிடுகின்றன. இதெல்லாம் தெரிந்த வழிகாட்டி எட்டு வாரத்தில் செய்யக்கூடிய நேர்மையான வேலை ஒன்றுதான். “தம்பி, இந்தக் கேள்வி உனக்கும் எனக்கும் பெரியது, சின்னதாக்கலாம் வா” என்பது. விளம்பரத்தில் அதைப் போட்டால் ஒருவரும் பணம் கட்ட மாட்டார்கள்.

கேள்வியைச் சின்னதாக்குவது என்றதும் கஹால் வந்துவிட்டார். ‘மறுபடியுமா?’ என்று இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்கள் பக்கத்தைப் புரட்டப் பார்ப்பது தெரிகிறது. கொஞ்சம் பொறுக்க வேண்டும். சந்தியாகோ ரமோன் இ கஹால் 1897ல் மாட்ரிடின் அறிவியல் அகாடமியில் ஆற்றிய ஏற்புரைதான் பின்னால் இளம் ஆய்வாளர்களுக்கான அறிவுரை நூலாக வளர்ந்தது. அதில் ‘சித்தத்தின் நோய்கள்’ பற்றிய அத்தியாயத்துக்காகவே அந்த நூலை நான் ஓயாமல் சிபாரிசு செய்வது. புத்தியும் திறமையும் இருந்தும் ஆய்வில் எதையும் உருப்படியாகச் செய்யாதவர்களைக் கஹால் ஒரு மருத்துவர் நோயாளியைப் பரிசோதிப்பதுபோல வகை பிரிக்கிறார். இயற்கையின் அழகில் சொக்கி உட்கார்ந்துவிடுகிறவர் ஒருவர். பல மொழி படித்து, எல்லாப் புத்தகத்தையும் வாசித்து, சொந்தமாக ஒரு வரி எழுதாதவர் இன்னொருவர். உலகையே புரட்டிப்போடும் கண்டுபிடிப்பு வரட்டும் என்று சின்ன வேலையைத் தொடாமலே கிழவராகிறவர் உண்டு. கருவிகளை வாங்கி, துடைத்து, உறை போட்டு வைப்பதிலேயே ஆயுளைக் கழிப்பவர் உண்டு. தனக்குப் பொருந்தாத நாற்காலியில் சிக்கிக்கொண்டவர், ஆய்வகத்தின் பக்கமே போகாமல் கொள்கை பேசுகிறவர் என்று பட்டியல் நீள்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய ஸ்பெயின்காரர் எழுதியது என்று சொல்லாமல் கொடுத்தால், நம் பல்கலைக்கழக நடைபாதையில் நின்று எடுத்த குறிப்பு என்றே நினைப்பார்கள்.

இதை எழுத அவருக்குத் தகுதி எங்கிருந்து வந்தது என்பதுதான் முக்கியம். நரம்பு செல்லைக் கறுப்பாக்கிக் காட்டும் சாயமுறையை 1873லேயே இத்தாலியின் கேமில்லோ கோல்ஜி கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அது முரண்டு பிடிக்கும் சாயம். வளர்ந்த மூளையில் போட்டால் பெரும்பாலும் புதர்போலக் குழம்பிக் கிடக்கும். கஹால் இதற்காகப் பெரிய நுண்ணோக்கி தேடிப் போகவில்லை. சின்ன மூளையைத் தேடிப் போனார். கருவில் இருக்கும் பறவை, பிறந்து சில நாளான குட்டி. அவற்றில் நரம்பு இழைகளுக்கு மேலுறை இன்னும் மூடியிருக்காது. செல்கள் நெருக்கியடிக்காமல் தனித்தனியாகத் தெரியும். 1888ல் பறவையின் சிறுமூளையைப் பற்றிய முடிவுகளைச் சொந்தச் செலவில் ஓர் இதழ் தொடங்கி வெளியிட்டார். முதல் இதழில் அச்சிட்டது 60 பிரதிகள். நரம்பு மண்டலம் ஒரே வலையாக ஓடாமல் தனித்தனி செல்களால் ஆனது என்ற அடிப்படை அங்கிருந்துதான் வலுப்பெற்றது. 1906ல் நோபல் பரிசைக் கோல்ஜியோடு பகிர்ந்துகொண்டார். கோல்ஜி அதே மேடையில் அந்தக் கருத்தை எதிர்த்துப் பேசினார் என்பது வேறு கதை.

அந்தக் கஹாலே கைடாக எப்படி இருந்தார் என்று பார்த்தால் கொஞ்சம் தலை குனிய வேண்டியிருக்கிறது. மாட்ரிடில் அவருடைய பள்ளியில் வளர்ந்த பியோ தெல் ரியோ ஓர்தெகா 1919ல் மைக்ரோக்ளியா என்ற மூளைச் செல் வகையை அடையாளம் கண்டார். கஹால் ‘மூன்றாவது மூலகம்’ என்று பொதுவாக வைத்திருந்த ஒன்றை ரியோ ஓர்தெகா பிரித்துப் பெயர் வைத்துவிட்டார். 1920ல் அவர் ஆய்வகத்தை விட்டு வெளியேற்றப்பட்டார். கருத்து வேறுபாடு, காதில் போட்ட கோள், முதியவரின் சினம் எல்லாம் அதில் கலந்திருந்தன. இன்று அல்சைமர் ஆய்வில் மைக்ரோக்ளியாவைத் தொடாமல் நகர முடியாது. மாணவர்களின் நோய்களை அத்தனை கூர்மையாக எழுதிய பேனா, கைடுக்கு வரும் நோய்களுக்கு அப்படி ஒரு பட்டியல் போட்டுத் தரவில்லை. போட்டிருந்தால் முதல் இடத்தில் எதை வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தலைப்பை மட்டும் தானமாகக் கொடுத்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதை.

நம் நாட்டில் இந்த நோய் எங்கே துலக்கமாகத் தெரிகிறது என்றால், விளம்பரக் கம்பெனிகளில் அல்ல. நல்ல நோக்கத்தோடு தொடங்கிய இடங்களில்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1979லிருந்து எம்பிபிஎஸ் மாணவர்களுக்குக் குறுகிய கால ஆய்வு உதவித்தொகைத் திட்டம் நடத்துகிறது. எஸ்டிஎஸ் என்றால் மருத்துவக் கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். தன் கல்லூரியிலேயே ஒரு கைடைப் பிடித்து, இரண்டு மாதத்தில் முடிகிற ஒரு வேலையைச் செய்து, அறிக்கை கொடுக்க வேண்டும். திட்டத்தில் குறையொன்றும் இல்லை. இரண்டு மாதத்தில் மனநலம் பற்றி ஏதாவது செய்ய வேண்டும் என்றால் மாணவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது எது? பக்கத்து பெஞ்ச். தயாராக இருக்கும் கருவி எது? பிஹெச்கியூ-9. கூகுள் ஃபார்மில் ஒன்பது கேள்வி, பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் லிங்க், “ப்ளீஸ் ஃபில் பண்ணுங்க, இரண்டு நிமிஷம்தான்.” எஸ்டிஎஸ்ஸாக இருக்கட்டும், எம்டி தீசிஸாக இருக்கட்டும், நர்சிங், உளவியல் ப்ராஜெக்ட்டாக இருக்கட்டும், ‘மாணவர்களிடையே மனச்சோர்வின் பரவல்’ என்ற தலைப்பு தலைமுறை தலைமுறையாகக் கைமாறிக்கொண்டே வருகிறது. ஊர்ப் பெயரும் வருடமும் மட்டும் மாறும்.

பிஹெச்கியூ-9 நல்ல கருவி. 2001ல் குரோங்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் மூவரும் வெளியிட்டார்கள். ஃபைசர் நிதியில் உருவானாலும் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். அது இவ்வளவு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று ஒன்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பத்தும் அதற்கு மேலும் வந்தால் மருத்துவர் பார்க்க வேண்டும். அதாவது இது சல்லடை, தராசு இல்லை. முதல் ஆய்வில் பத்து என்ற வெட்டுப்புள்ளிக்கு, நோய் உள்ளவரைப் பிடிக்கும் திறன் 88 சதவீதம், இல்லாதவரை விட்டுவிடும் திறனும் 88 சதவீதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நூறு பேர் வகுப்பில் உண்மையில் பத்துப் பேருக்கு மனச்சோர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் மாட்டுவார்கள். மீதித் தொண்ணூறில் 12 சதவீதம், ஏறத்தாழ பதினொரு பேர், நோயில்லாமலே மாட்டுவார்கள். மொத்தம் இருபது. கட்டுரை ‘ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு’ என்று வெளிவரும். உண்மை பத்தில் ஒருவர். வெறும் காகிதக் கணக்கு என்று இதை ஒதுக்க முடியாது. 2020ல் 44 ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பிஹெச்கியூ-9 வழியாக 24.6 சதவீதம் பேர் தேறினார்கள். முறையான மருத்துவ நேர்காணல் வழியாக 12.1. ஏறத்தாழ இரட்டிப்பு. கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும், ஒரு கைடு இதை அரை மணி நேரத்தில் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம். இதைத் தெரிந்துகொண்ட பிறகும் மாணவர் அதே தலைப்பை எடுத்தால், ‘பரவல்’ என்ற சொல்லையாவது எடுத்துவிடுவார்.

எண் பெரிதாவது பெரிய பாவம் இல்லை. யாரோ சிலர் கூடுதலாகக் கவலைப்படுவார்கள், அவ்வளவுதான். என்னைப் படுத்துவது ஒன்பதாவது கேள்வி. இறந்துபோனால் நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ எத்தனை நாள் தோன்றியது என்று அது கேட்கிறது. இனி அந்தப் பதில் போகும் வழியைப் பாருங்கள். ஹாஸ்டல் அறையில் ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு பையன் ‘3’ என்று தொடுகிறான். ஏறத்தாழ தினமும் என்று அர்த்தம். எக்செல் தாளில், ‘க்யூ9’ என்ற தலைப்பின் கீழ், 47வது வரிசையில் அந்த 3 போய் உட்கார்கிறது. மற்ற எட்டுக் கேள்விக்கும் சேர்த்து அவன் 4 தான் போட்டிருக்கிறான். மொத்தம் 7. மாஸ்டர் சார்ட்டில் 5 முதல் 9 வரை ‘லேசானது’. அந்த 3 கூட்டலுக்குள் போய்க் கரைந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து, தேவையான சாம்பிள் சேர்ந்த பிறகு, மாணவர் ஃபார்மை மூடிச் சதவீதம் போடுகிறார். இடைப்பட்ட நாளில் அந்த வரிசையை எந்தக் கண்ணும் பார்த்திருக்காது. பார்த்திருந்தாலும் பெயர் கிடையாது. மருத்துவ மாணவர்களைப் பற்றிய உலகளாவிய தொகுப்பாய்வு ஒன்று 2016ல் வந்தது. வெவ்வேறு கருவிகளில், வெவ்வேறு கால அளவில் கேட்டதையெல்லாம் சேர்த்தால், தற்கொலை எண்ணம் இருந்ததாகச் சொன்னவர்கள் 11.1 சதவீதம். மனச்சோர்வு இருப்பதாகத் தெரிந்தவர்களில் சிகிச்சைக்குப் போனவர்கள் 15.7 சதவீதம்தான். இந்தியாவில் 2022ல் மட்டும் 13,044 மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. இந்த எண்களை முன்னுரையில் உருக்கமாக எழுதிவிட்டு, தன் வகுப்பில் வந்த 47வது வரிசையைச் சதவீதமாக்கும் ஆய்வுக்குப் பெயர் என்ன?

கேட்பதே ஆபத்து, கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று சிலர் சொல்வார்கள். அது தவறு, ஆதாரமும் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவிடம் தற்கொலை பற்றிக் கேட்டும் இன்னொரு பிரிவிடம் கேட்காமலும் ஓர் ஆய்வு செய்தார்கள். 2005ல் முடிவு வந்தது. கேட்கப்பட்டவர்களிடம் மன வேதனையோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. ஆகவே கேட்கலாம். கேட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போவதுதான் தகாது. அடுத்து வருவது பெயரின்மை வாதம். பெயர் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், பெயர் கேட்காவிட்டால் ஆளைத் தேட முடியாது, என்ன செய்வது என்பார்கள். நியாயமான சிக்கல்தான். அதுவும் வகுப்புத் தோழனே ஆய்வாளர், வகுப்பெடுக்கும் பேராசிரியரே கைடு என்ற நிலையில், மறுக்கும் சுதந்திரமே அரைகுறை. ஆனால் இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஒன்பதாவதை எடுத்துவிட்ட எட்டுக் கேள்வி வடிவம், பிஹெச்கியூ-8, இந்த மாதிரி ஆய்வுகளுக்கென்றே இருக்கிறது. மதிப்பீட்டில் பெரிய வித்தியாசம் வராது. ஒன்பதாவது வேண்டும்தான் என்றால், 0 தவிர எதைத் தொட்டாலும் அடுத்த திரையிலேயே டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ம், ‘நாங்கள் உங்களைக் கூப்பிடலாமா?’ என்று விரும்பினால் மட்டும் நிரப்பும் ஒரு கட்டமும் வரும்படி செய்யலாம். கூகுள் ஃபார்மில்கூட இதற்கு வசதி இருக்கிறது. எண் கொடுத்தவரை அன்றன்றைக்கே பார்க்க ஒருவர் வேண்டும். அது இருபது வயது மாணவராக இருக்கக் கூடாது.

இந்த இடத்தில்தான் கைடுகளின் தரப்பிலிருந்து உண்மையான ஆட்சேபம் வருகிறது. ஓபி, வார்டு, வகுப்பு, தேர்வு, ஆய்வுக்கு வரும் குழுவுக்கான ஃபைல்கள்; இதற்கு மேல் இரண்டு மாத ப்ராஜெக்டுக்கு யார் ராத்திரி ஃபோன் எடுப்பது? பல கைடுகள் மனநலத் துறையைச் சேர்ந்தவர்களே அல்ல. சமூக மருத்துவத்திலோ உடலியங்கியலிலோ இருப்பவர்கள். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆள் பற்றாக்குறை உண்மை. ஆனால் இந்த வாதத்தை முழுதாகப் பின்தொடர்ந்தால், ஒன்பதாவது கேள்வியைக் கேட்காமல் இருக்க வேண்டும் என்றுதான் போய் நிற்கும். கேட்டுவிட்டு விட்டுவிடலாம் என்று ஒருபோதும் நிற்காது. கைடிங் என்பது கூடுதல் சுமை என்ற நினைப்புக்கும் மறுப்பு உண்டு. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களை வைத்து 2017ல் வந்த ஆய்வில், மூன்றில் ஒருவர் மனநலச் சிக்கலுக்கு ஆளாகும் விளிம்பில் இருந்தார். அதோடு தொடர்புடைய காரணிகளில் கைடு நடந்துகொள்ளும் விதமும் ஒன்று. மனநல ஆய்வுக்குக் கைடாக இருப்பவர், மாணவரின் தரவுத்தாளில் வராத முதல் பங்கேற்பாளரை எதிரில் உட்காரவைத்துக்கொண்டிருக்கிறார்.

கேள்வியைச் சின்னதாக்கினால் ஆய்வு சின்னதாகிவிடும், தினம் ஒரு மரபணு கண்டுபிடிக்கும் காலத்தில் இதென்ன பழங்கால வைத்தியம் என்பது கடைசி ஆட்சேபம். இதற்குப் பதில் சென்னையிலேயே இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் முதன்முறையாக மனச்சிதைவு நோயோடு வந்த 90 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று வருடக்கணக்காகத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். டாக்டர் தாராவும் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பும் நடத்திய ‘மெட்ராஸ் லாங்கிட்யூடினல் ஸ்டடி’ அது. இருபது வருடம் கழித்தும் 61 பேரைத் தேடிப் பிடித்துப் பார்த்திருந்தார்கள். இந்த நோயின் நீண்ட காலப் போக்கைப் பற்றி உலகம் பேசும்போது இதை மேற்கோள் காட்டுகிறது. அதில் ஸ்கேன் இல்லை, மரபணு இல்லை. வீட்டு முகவரி இருந்தது. இரண்டு மாத மாணவருக்கு இருபது வருடம் கிடையாதுதான். ஆனால் அதே கேள்வியின் ஒரு நறுக்கு கிடைக்கும். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநல ஓபி பதிவேட்டில், ஒரு மாதத்தில் புதிதாக வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாவது முறை வந்தார்கள்? வராதவர்கள் எத்தனை பஸ் மாறி வர வேண்டியவர்கள்? மாத்திரை தீரும் தேதிக்கும் அடுத்து வரச் சொன்ன தேதிக்கும் நடுவே எத்தனை நாள் இடைவெளி? விளம்பரக் கம்பெனிக்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். பள்ளிப் பிள்ளையின் விண்ணப்பத்தில் ‘பஸ்’ என்ற சொல் எடுபடாது. எனக்கென்னவோ, கஹால் இருந்தால் இதைப் பறவையின் சிறுமூளை வரிசையில்தான் வைப்பார் என்று தோன்றுகிறது.

விளம்பரத்தைப் பற்றித் தொடங்கினேன், அது எங்கேயோ போய்விட்டது, போகட்டும். நெறிமுறைக் குழுவின் விண்ணப்பத்தில் ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும் என்பது என் யோசனை. ‘ஒன்பதாவது கேள்விக்கு 0 அல்லாத பதில் வந்தால் அதை யார் பார்ப்பார், எத்தனை மணி நேரத்துக்குள்?’ பதில் கட்டத்தில் ஓர் ஆளின் பெயரும் கைபேசி எண்ணும் இருக்க வேண்டும். ‘துறை’ என்றோ ‘குழு’ என்றோ எழுதினால் விண்ணப்பம் திரும்ப வேண்டும். இப்படிக் கேட்டால் கைடுகள் கிடைக்க மாட்டார்கள் என்பார்கள். சிலர் கிடைக்க மாட்டார்கள்தான். அவர்களுடைய மாணவர்கள் எட்டுக் கேள்வியோடு போகலாம். இல்லாவிட்டால் ஓபி பதிவேட்டை வாங்கிக்கொண்டு, ஒரு நோட்டும் ஸ்கேலுமாக, மருந்து வாங்கும் வரிசைக்குப் பக்கத்தில் உட்காரலாம்.